தூங்குமூஞ்சி மரத்துக்கு மாவுக்கட்டு

எங்கள் ஊரில் பாதிப் பேருடைய கையையோ காலையோ என் அம்மா பிடித்துப் பார்த்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் மாவுக்கட்டு போடுவது அவள் வேலை. முறிந்த எலும்பை டாக்டர் சேர்த்து வைப்பார். சேர்த்தது சேர்ந்தபடியே இருக்கும்படி பஞ்சும் பிளாஸ்டர் துணியுமாகச் சுற்றிக் கட்டுவது அம்மா. அங்கே எல்லோருக்கும் அவள் கட்டம்மா. அவளோடு கடைவீதிக்குப் போனால் போன வேலை முடியாது. யாராவது சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து, "கட்டம்மா, இதப் பாருங்க, நீங்க போட்ட கட்டு. எவ்வளவு நேரா கூடியிருக்கு!" என்று நீட்டுவார். அம்மாவும் பையைத் தரையில் வைத்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "நல்லா மடக்க வருதா? சரி, போ" என்று அனுப்பி வைப்பாள்.

ஓய்வு பெற்றதும் எங்களோடு வந்து தங்கினாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வீட்டிலுள்ள துண்டுகளெல்லாம் பாண்டேஜ் சுருள் மாதிரி இறுக்கமாகச் சுருண்டு அலமாரியில் அடுக்காக நின்றன. கரண்டிகள் உயர வரிசையில் தொங்கின. ஒருநாள் பேருந்துப் படியில் இறங்கும்போது எனக்குக் கணுக்கால் லேசாகப் பிசகிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதில் ஒரு தாய் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. தடவினால் போயிருக்க வேண்டிய வலிக்கு முழங்கால் வரை கட்டுப் போட்டுவிட்டாள்.

என் மனைவி கடைசல்காரி. தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்து, நாற்காலி செய்யும் ஆலையில் சில வருஷம் கால் கடைந்து, அங்கே ஒரே மாதிரிக் காலைக் கடைந்து அலுத்துப்போய், மரத்தைச் சுழற்றிக் கடையும் பழைய லேத் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மாட்டிக்கொண்டவள். மாடிப்படிக்கு வேண்டிய உருளைக் கம்பங்கள், விளக்குத் தண்டு, பம்பரம், கிண்ணம், எது கேட்டாலும் கடைந்து கொடுப்பாள். வீட்டுக்குள் வரும்போது அவள் தலையில் எப்போதும் ஒரு மரச் சுருள் இருக்கும். நான் டிரைவர், டவுன் பஸ் ஓட்டுகிறேன். உளி பிடிக்கத் தெரியாது, கட்டுப் போடவும் தெரியாது. இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த வேலை ஸ்விட்ச் போடுவது மட்டும்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாமியாரும் மருமகளும் சண்டை போட்டதே இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. "சாப்டீங்களா அத்தை?" "ஆச்சும்மா, நீ?" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் விருந்தாளியாக வந்ததுபோல் நடந்துகொண்டார்கள். அம்மா கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மரத்தூள் பட்டால் அவளுக்குத் தும்மல் நிற்காது. மருமகள் கட்டில் கால் செய்கிறாள் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

அப்படியிருக்கும்போதுதான் பெருங்காற்று அடித்து, ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு மேல் குடை விரித்தாற்போல் நின்ற மரம். எலும்புப் பிரிவின் பெரிய சிஸ்டர் அம்மாவுக்குப் போன் செய்தார். மரத்தை வெட்டி அப்புறப்படுத்துகிறார்கள், ஞாபகத்துக்கு ஏதாவது துண்டு வேண்டுமா என்று கேட்டார். அம்மா போனை வைத்தாள். பிறகு நேராகப் போய்க் கொட்டகை வாசலில், மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணு செஞ்சு தருவியாம்மா?"

என் மனைவி உடனே லேத்தை நிறுத்தினாள். அம்மா அவளிடம் எதையும் கேட்பது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க அத்தை."

"மாவுக்கட்டு ரூம்ல ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டி இருக்கு. அதுல பொம்மை, கோலி, பம்பரம் எல்லாம் போட்டு வெச்சிருப்போம். கட்டைப் பிரிக்கிற ரம்பம் கிர்ர்ர்னு கத்தும் பாரு, அப்போ பிள்ளைங்க அலறும். தொட்டியை மடியில வெச்சு, 'உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோ'ன்னு சொல்லுவேன். பிள்ளை அதுக்குள்ள கையை விட்டுத் துழாவிக்கிட்டு இருக்கும்போதே இங்க வேலை முடிஞ்சிடும். அந்தத் தொட்டி விரிசல் விட்டுக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. பிள்ளைங்க கையைக் கீறுது. அந்த மரத்துல ஒரு தொட்டி செஞ்சு தந்தா..." என்று இழுத்தாள். "கனமா இருக்கக் கூடாது. ஒரு சிஸ்டர் ஒத்தைக் கையில தூக்கணும்."

"ஒத்தைக் கையில தூக்குற மாதிரியா?" என்று என் மனைவி கேட்டாள். அவள் கண் அப்போதே அளவெடுக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு சின்ன லாரியில் அந்த அடிமரத்தின் பெரிய உருளை ஒன்று வந்து இறங்கியது. மரக்கடைக்காரர், என் மனைவிக்கு மரம் கொடுக்கிறவர், அதைப் பார்க்கவே வந்தார். சுற்றி வந்து, காலால் ஒரு தட்டுத் தட்டினார். "விழுந்த வேகத்துல உள்ளயே வெடிச்சிருக்கும்மா. வெளிய காயாத ஈரம், உள்ள பிளவு. பாதி உளுத்துப் போயிருக்கு. அடுப்புக்குத்தான் ஆகும்."

"எங்க வீட்ல கேஸ் அடுப்புண்ணே," என்றாள் என் மனைவி.

உருளையை நெடுக்கு வாட்டில் இரண்டாகப் பிளந்தாள். ஒவ்வொரு பாதியிலும் ஒரு தொட்டி வரும். உள்ளே மரம் அருமையாக இருந்தது. தேன் நிறத்தில் கறுப்புக் கோடுகள் அலையலையாக ஓடின. ஆனால் இரண்டு பாதியிலும் விளிம்பிலிருந்து அடிவரை விரிசல் இறங்கியிருந்தது. உளுத்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் நல்ல மரத்துக்குள் ஒல்லியான சுவர்தான் வரும். தொட்டி கனமில்லாமல் இருக்க அதுவும் வேண்டும். ஆனால் சுழலும்போது ஒல்லிச் சுவர் அதிரும். அதிர்ந்தால் விரிசல் வாயைத் திறக்கும்.

கொஞ்சம் விரிசல் குறைவாக இருந்த பாதியை முதலில் எடுத்தாள். மாதக்கணக்கில் நிழலில் காயவைத்த பிறகு வெளிப்பக்கத்தை உருண்டையாகக் கடைந்து எடுத்தாள். விரிசலுக்குள் அதே மரத்தின் தூளைத் திணித்து, தண்ணீர் மாதிரி இருக்கும் பசையை ஊற்றினாள். வெளியே ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றினாள். பிறகு உள்பக்கத்தைக் குடையத் தொடங்கினாள். தொட்டி வந்துவிடும் என்று நான் திண்ணமாக நம்பிக்கொண்டு கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கிரீச். பிறகு கொட்டகைக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். டியூப்லைட் நொறுங்கி விழும் சத்தமும் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், முகமூடியோடு அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அடி எதுவும் படவில்லை. தொட்டியில் பாதி லேத்தில் சுழன்று நின்றது. மீதி கொட்டகை முழுதும் கிடந்தது.

"விட்டுடு," என்றேன். "ஒரு நல்ல பிளாஸ்டிக் தொட்டியா வாங்கிக் குடுத்துடலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். தும்மிக்கொண்டே வந்தாள். தரையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அடுக்கினாள். எது எதோடு சேரும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சற்று நேரத்தில் உடைந்த தொட்டி மேசையில் விரித்துவைத்த பூமாதிரிக் கிடந்தது. ஒவ்வொரு உடைப்பு விளிம்பையும் கட்டைவிரலால் தடவினாள்.

"இது ஒரே நேரத்துல உடையலை," என்றாள். "இங்கதான் முதல்ல விட்டிருக்கு. அப்புறம் இந்தப் பக்கம் வளைஞ்சு கிழிஞ்சிருக்கு. பிள்ளைங்க எலும்பு இப்படித்தான், பச்சைக் குச்சி மாதிரி. ஒரு பக்கம் பிளக்கும், மறு பக்கம் வளையும். இதுக்குப் போய் நாடாவைச் சுத்தி வெச்சிருக்கியே! நாடா இழுபடும். இழுபடுறது எப்படிம்மா பிடிக்கும்?"

"வேற என்ன போடுறது அத்தை?"

"மாவுக்கட்டு," என்றாள் அம்மா, இதைக்கூடக் கேட்பார்களா என்ற குரலில்.

என் மனைவி முகமூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அது ஈரமாச்சே. மரம் தண்ணியைக் குடிச்சா ஊதிடும்."

"தோல்ல நேரா போடுவோமா? முதல்ல உறை, அப்புறம் பஞ்சு, அதுக்கு மேலதான் மாவு. உன் மரத்துக்குப் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடு. ஒரு சொட்டு உள்ள இறங்காது."

"கனம் ஒரு பக்கமா சாஞ்சுதுன்னா லேத்தே ஆடும் அத்தை."

"நான் போட்ட கட்டு என்னிக்குச் சாஞ்சிருக்கு?"

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் முதலாக அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசினார்கள். நான் சத்தம் போடாமல் உடைந்த டியூப்லைட்டைக் கூட்டி அள்ளினேன். மனசுக்குள் அவ்வளவு நிம்மதி.

இரண்டாவது பாதியில் விரிசல் இன்னும் நீளம். அதையும் வெளிப்பக்கம் கடைந்து, பசையும் தூளும் நிரப்பி, லேத்தின் தாடையில் அடிப்பாகத்தைக் கவ்வ வைத்தாள். அம்மா தன் பழைய கறுப்புப் பையைக் கொண்டுவந்தாள். பிளாஸ்டர் சுருள்கள், பஞ்சு, மாவு வெட்டும் பெரிய கத்தரி, எல்லாம் இருந்தன. ஓய்வு பெற்றவள் எதற்கு இதையெல்லாம் வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கணுக்காலுக்கு வந்த கட்டு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மரத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, பஞ்சு சுற்றினாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள்.

"உன் பெல்ட்டைக் குடு."

"எதுக்கு?"

"குடுடா."

போன மாதம் வாங்கிய தோல் பெல்ட். இரண்டு பட்டையாக வெட்டி, விரிசலிலிருந்து விலகி, எதிரும் புதிருமாகப் பஞ்சின்மேல் செங்குத்தாக வைத்தாள். "கட்டை வெட்டும்போது கத்தரி இது மேல ஓடும். மரத்தைத் தொடாது," என்று மருமகளிடம் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிளாஸ்டர் துணியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, சுற்றத் தொடங்கினாள். அவள் கட்டுப் போடுவதை நான் சின்ன வயதில் பார்த்தது. அந்த வேகம் கொஞ்சமும் குறையவில்லை. ஒரு கை சுருளை உருட்டும், மறுகை உடனே தடவிச் சமன்செய்யும். விரிசல் இருந்த இடத்தில் இரண்டு மூன்று மடிப்பு கூடுதலாக வைத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, "முடிஞ்சுது" என்று நிமிர்ந்தாள்.

மாவு இறுகியதும் என் மனைவி தொட்டியைக் கையால் மெதுவாகச் சுற்றிவிட்டாள். அது ஒரு சுற்றுப் போய், தயங்கி, ஊசலாடி, விரிசல் பக்கம் கீழே வந்து நின்றது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் அந்தப் பக்கமே கீழே வந்தது.

"அத்தை," என்றாள் மெதுவாக. "கனம் அங்க ஏறிப்போச்சு."

"முறிஞ்ச இடத்துல கூடப் போட வேண்டாமா? எலும்புக்கு அப்படித்தான் போடுவோம்."

"எலும்பு சுத்தாதே அத்தை. இது சுத்தும்."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் போட்ட கட்டைச் சரியில்லை என்று பெரிய டாக்டர்கள்கூடச் சொன்னதில்லை. அம்மா இன்னொரு தடவை தானே தொட்டியைச் சுற்றிவிட்டாள். அது போய், ஊசலாடி, அதே இடத்தில் நிற்பதைப் பார்த்தாள். அதன் பிறகு கத்தரியை எடுத்துத் தன் கட்டைத் தானே வெட்டினாள்.

"சொல்லு. எப்படி வேணும்?"

"நான் தொட்டியை மெதுவா சுத்திக்கிட்டே இருக்கேன். நீங்க கையை ஒரே இடத்துல வெச்சுத் துணியை விடுங்க. சுத்துறதை நான் பாத்துக்கறேன், இறுக்கத்தை நீங்க பாருங்க."

பஞ்சையும் பெல்ட் பட்டைகளையும் மறுபடி வைத்து, அப்படித்தான் செய்தார்கள். ஒருத்தி சக்கரத்தைத் திருப்ப, ஒருத்தி துணியை விட, வெள்ளைச் சுருள் தானாக ஏறி ஏறி மூடியது. "கொஞ்சம் நிதானமா," என்பாள் அம்மா. "இழுக்காதீங்க, விடுங்க," என்பாள் அவள். கடைசி முனையை ஒட்டி முடித்ததும் என் மனைவி சுற்றிவிட்டாள். தொட்டி தன்பாட்டுக்குச் சுற்றி, எங்கோ ஓரிடத்தில் நின்றது. மறுபடி சுற்றினாள். வேறு ஓரிடத்தில் நின்றது.

"இப்ப?" என்றாள் அம்மா.

"கச்சிதம்."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளவே வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். என் மனைவி வெள்ளை உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்தாள்.

"சுடுதே அத்தை!"

"மாவு இறுகும்போது சுடும். பிள்ளைங்களும் இதைத்தான் கேக்கும். பயப்படாதே, ஆறிடும்."

நன்றாகக் காய விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடைவது என்று முடிவானது. எனக்கு லீவு. ஸ்விட்ச் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். "நிறுத்துன்னு யார் சொன்னாலும் நிறுத்து. ஏன்னு கேக்காதே," என்று உத்தரவு. அம்மா மூக்குக்கு இரட்டைத் துணி கட்டி, என் மனைவியின் பழைய முகமூடியை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றாள். துண்டு தெறித்தாலும் படாத இடம் அதுதான் என்று சாக்பீஸால் அவளுக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள் மருமகள்.

குறைந்த வேகத்தில் லேத் சுற்றியது. முதலில் அந்த வெள்ளை உறையின் மேடுபள்ளத்தையே லேசாகச் சீவிச் சமமாக்கினாள். பிறகு உளியைத் தாங்கியில் ஊன்றி உள்பக்கம் இறங்கினாள். மரம் நீளநீளச் சுருளாக அவள் தோளைத் தாண்டி விழுந்தது. சுவர் மெலிய மெலிய, இடது கையின் விரல்களை உறையின் வெளிப்பக்கம் லேசாக ஒட்டவைத்து, வலது கையால் உளியை நடத்தினாள். எந்த நேரமும் உடையலாம் என்ற ஒன்றை, பின்னாலிருந்து ஏந்திக்கொண்டு முன்னாலிருந்து செதுக்குவது எப்படி என்று அன்றுதான் நான் கிட்டத்தில் பார்த்தேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருக்கும். எனக்கு அது அன்று போயிற்று. என் பெண்டாட்டி என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது நன்றாக இருந்தது.

திடீரென்று அம்மா கத்தினாள். "நிறுத்து!"

நிறுத்தினேன். என் மனைவி உளியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். "என்ன அத்தை? நல்லாத்தானே போகுது?"

"கட்டு தளர்ந்திருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு உளிச் சத்தம் காதை அடைச்சிருக்கும். எனக்குத் தெரியும். வீக்கம் வடிஞ்சதும் கட்டு லொட லொடன்னு ஒரு சத்தம் குடுக்கும். அதேதான்." வட்டத்தை விட்டு வந்து, உறையை விரல் கணுவால் சுற்றிலும் தட்டினாள். டக், டக், டக். விளிம்புக்குப் பக்கத்தில், விரிசலுக்கு நேரே, டொப் என்று கேட்டது. "கேட்டியா?"

என் மனைவியும் தட்டிப் பார்த்தாள். டொப். குடையக் குடைய மரம் லேசாகச் சுருங்கி, உறையை விட்டு விலகியிருந்தது. இன்னும் ஒரு சீவல் எடுத்திருந்தால் விரிசல் அங்கே தாங்கல் இல்லாமல் நின்றிருக்கும். அவள் முகத்தில் வேர்வை திரண்டது.

"கட்டை மாத்தணுமா அத்தை?"

"மாத்துனா இந்த மெல்லிசுக்கு அதுவே ஆபத்து. இரு." நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டைக் குச்சியை எடுத்தாள். பஞ்சைத் திரித்துத் திரித்து, இடுக்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகினாள். அதிகம் செருகினால் அதுவே நெம்பிவிடும், குறைந்தால் பிடிக்காது. ஒவ்வொரு செருகலுக்கும் ஒரு தட்டு. டொப், டொப், டப், டக். "ம்ம். இப்பப் போ."

எடை ஏறிவிட்டதா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டு என் மனைவி மறுபடி உளியை எடுத்தாள். அவ்வப்போது நிறுத்தச் சொல்லி, ஒருத்தி காலிப்பரால் சுவரின் கனத்தைப் பார்ப்பாள், ஒருத்தி வெளியே தட்டிக் கேட்பாள். தலையை ஆட்டிக்கொள்வார்கள். நான் ஸ்விட்ச் போடுவேன். கடைசியாக உப்புத்தாள் போட்டு உள்பக்கத்தை வழுவழுப்பாக்கியபோது சுவர் ஒரு பிஸ்கட் கனம்தான் இருந்தது.

இனிக் கட்டைப் பிரிக்க வேண்டும். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அந்தக் கிர்ர் ரம்பம் இருந்தா சுலபமா இருக்குமே? அது தோலை வெட்டாதுன்னு நீதானே சொல்லுவே?"

"தோல் அசைஞ்சு குடுக்கும்டா, அதான் வெட்டாது. மரம் அசையாது, அறுத்துடும்," என்றாள் அம்மா. "நீ ஸ்விட்ச் கிட்டயே நில்லு."

தொட்டியை லேத்திலிருந்து கழற்றி, தலையணைமேல் கவிழ்த்து வைத்தார்கள். என் மனைவி இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா கத்தரியின் தட்டை நாக்கை உறைக்கு அடியில், என் பெல்ட்டின்மேல் செலுத்தினாள். நறுக், நறுக் என்று வெட்டிக்கொண்டு போகும்போது, யோசிக்காமல், பழக்கத்தில், தொட்டியிடம் பேசத் தொடங்கிவிட்டாள்.

"வலிக்காதுடா தங்கம். இதோ ஆச்சு. ஆட்டாம இரு... சமத்து..."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். ஆனால் அம்மா சொன்னபடி அவளும் ஆடாமல் இருந்தாள். ஒரு பக்கம் வெட்டி, சுற்றி வந்து மறு பக்கமும் வெட்டியதும், உறை சிப்பி மாதிரி இரண்டாகத் திறந்தது. பஞ்சை எடுத்தார்கள். பிளாஸ்டிக் தாளை உரித்தார்கள்.

தொட்டி முழுசாக இருந்தது.

என் மனைவி அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சுவர் வழியாக வெயில் உள்ளே இறங்கி, மரம் முழுவதும் செந்தேன் நிறத்தில் எரிந்தது. அதன் நடுவே, விளிம்பிலிருந்து அடிவரை, விரிசல் ஒரு கறுப்புக் கோடாகத் தெளிவாகத் தெரிந்தது. நகத்தால் தடவினாள். நகம் எங்கும் சிக்கவில்லை. அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா ஒரு கையில் வாங்கிக்கொண்டு, எடை பார்க்கிறதுபோல மேலும் கீழும் அசைத்தாள்.

"ஒத்தைக் கை," என்றாள். பிறகு குரல் கொஞ்சம் மாறி, "இவ்வளவு மெல்லிசா வரும்னு நான் நினைக்கலைம்மா. நீ ஏதோ கட்டில் கால் கடையறேன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"கட்டில் காலும் கடைவேன் அத்தை," என்றாள் என் மனைவி. அவள் மூக்கை உறிஞ்சியது மரத்தூளால் அல்ல.

தொட்டியின் அடியில், எண்ணெய் பூசுவதற்கு முன், சூட்டுக்கோலால் தன் அடையாளமான சிறு சுருளைப் போட்டாள். எப்போதும் போடுவதுதான். அதன் பக்கத்தில் இன்னொரு அடையாளமும் போட்டாள்: ஒரு சின்னக் கட்டு முடிச்சு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு மூவரும் என் பஸ்ஸிலேயே போனோம். அன்று அதுதான் என் கடைசி ட்ரிப். அம்மா முன் இருக்கையில், தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள், அவள் எல்லோருக்கும் சொன்னாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதை கொஞ்சம் நீண்டது. உடைந்த டியூப்லைட் ஒன்று, ஆஸ்பத்திரி வருவதற்குள் மூன்றாகிவிட்டது.

மாவுக்கட்டு அறையில் பெரிய சிஸ்டரும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவராக ஒரு கையில் தூக்கிப் பார்த்தார்கள். கட்டுப் பிரிக்க வந்திருந்த ஒரு சிறுமி, கட்டிலில் உட்கார்ந்தபடி, அந்தக் கறுப்புக் கோட்டில் விரலை வைத்தாள்.

"இதுக்கும் உடைஞ்சுதா?"

"ஆமா. கட்டுப் போட்டோம்," என்றாள் அம்மா.

"அழுதுச்சா?"

"இல்ல. இதோ நிக்கிறாங்களே இந்த அக்கா, இவங்க கெட்டியா பிடிச்சிக்கிட்டாங்க. அதனால அழலை."

ரம்பம் கிர்ர் என்றது. சிறுமி தொட்டிக்குள் கையை விட்டு, ஒரு பம்பரத்தை எடுப்பதா, பச்சைக் கோலியை எடுப்பதா என்று முகத்தைச் சுளித்து யோசித்துக்கொண்டிருந்தாள். கட்டு கழன்று விழுந்ததையே கவனிக்கவில்லை.

பெரிய சிஸ்டர் அம்மாவைத் தனியாக அழைத்தார். புதிதாக வந்த ஆள் தடுமாறுகிறார், வாரத்தில் சில நாள் வந்து உதவ முடியுமா என்று கேட்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அம்மா காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். நாங்கள் இருவரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வரணும்னு ஆசைதான் சிஸ்டர்," என்றாள் அம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "ஆனா முழு வாரமும் முடியாது. எங்க பட்டறையில வேலை இருக்கு. மரக்கடைக்காரர் ஒரு வேர்க்கட்டையைக் கொண்டாந்து போட்டிருக்காரு. எங்க பாத்தாலும் வெடிப்பு. என் மருமக அதுல ஒரு பெரிய ஜாடி கடையப் போறா. நான் இல்லாம அவளால தொட முடியாது."

"அத்தை, புதன்கிழமை நீங்க வந்துக்கலாம்," என்று என் மனைவி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "அன்னிக்கு உப்புத்தாள் வேலைதான்."

"சரி, புதன்," என்றாள் அம்மா, பெரிய சிஸ்டரிடம், லீவு கொடுத்த முதலாளியைக் காட்டுவதுபோல் என் மனைவியைக் கையால் காட்டிக்கொண்டு.